ஓரகத்தி வைத்த நிறம்

என் போனில் பச்சையாக ஒரு கோடும் சிவப்பாக ஒரு கோடும் ஓடுகின்றன. காலையில் சாயா ஆறுவதற்குள் பார்த்துவிடுவேன். பார்க்கும்போதெல்லாம் என் ஓரகத்தி முகம்தான் முன்னால் வருகிறது. இன்றும் வயிறு எரியத்தான் செய்கிறது.

மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மிளகு, சுக்கு வியாபாரம் பார்த்தார்கள். சரக்கை விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள்தான். ஆனாலும் என் சொல்லுக்கு அந்த வீட்டில் ஒரு மரியாதை இருந்தது. அவர்கள் பங்குச் சந்தைப் பக்கம் திரும்பியபோது அந்த மரியாதை ஓரகத்தியிடம் போய்விட்டது. அவளும் அரைகுறைப் படிப்புதான். ஆனால் போனில் கோடு பார்க்கக் கற்றுக்கொண்டாள். கடைசிச் சில நாள் விலையின் சராசரி பச்சைக் கோடு, பல மாதத்துச் சராசரி சிவப்பு. பச்சை மேலே இருந்தால் வைத்துக்கொள்ள வேண்டும், சிவப்புக்குக் கீழே இறங்கினால் விற்க வேண்டும். இவ்வளவுதான் அவள் வித்தை.

"விலை இறங்கின பிறகுதானடி உன் கோடு திரும்புது. படகு போன பிறகு துறைக்கு ஓடி வர்றவ மாதிரி," என்றேன் ஒருநாள்.

"அலையைப் பார்த்தா தலைதான் சுத்தும்க்கா. நான் கடல்தண்ணி ஏத்தமா வத்தமான்னு மட்டும் பார்க்கிறேன்," என்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மறக்கவில்லை.

ஓரகத்தியும் கொழுந்தனும் களமசேரிக்குக் குடிபோனதும், போன் கடைக்காரரிடம் சொல்லி அதே கோடுகளை என் போனிலும் போட்டுக்கொண்டேன். ஒருநாள் பச்சை கீழே இறங்கியது. "நாளைக்கே வித்துடுங்க," என்று வீட்டுக்காரரிடம் நிமிர்ந்து சொன்னேன். அன்று பார்த்தா ஓரகத்தி விருந்துக்கு வர வேண்டும்? அவர் என் போனை அவளிடம் நீட்டினார். அவள் போனைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். போன் கடைக்காரர் நிறத்தை மாற்றிப் போட்டிருந்தார்; நீண்ட சராசரிதான் பச்சை. நான் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் பார்க்காமல் நிறத்தை நம்பியிருந்தேன்.

"அக்கா உங்களைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க அத்தான். வச்சுக்கங்கன்னுதான் கோடு சொல்லுது," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். பிறகு அடுக்களையில் வைத்து நிறங்களைச் சரிசெய்து, தேயிலை டப்பா பக்கத்தில் போனை வைத்தாள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை அவள்.

இப்போது வீட்டுக்காரர் என்னிடம்தான் கேட்கிறார். "பச்சை மேலதான் இருக்கு, வைங்க," என்கிறேன். தலையாட்டுகிறார், அதே தலையாட்டல். அவள் வைத்த நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.