இடது கையால் எழுதிய கடிதங்கள்

பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பஞ்சாட்சரத்துக்கு ஐந்து ஏக்கர் நஞ்சையும் ஒரே மகளும். மகள் பெயர் சொக்கம்மாள். 1979-ல் அவள் பத்தாம் வகுப்பு. காலை பஸ்ஸில் உத்திரமேரூர் பள்ளிக்கூடம், சாயங்கால பஸ்ஸில் வீடு. பள்ளி விட்டதற்கும் பஸ் வருவதற்கும் இடையே முக்கால் மணி நேரம் கிடைக்கும். அந்த முக்கால் மணியை அவள் கடைத்தெருக் கோடியில் இருந்த கிளை நூலகத்தில் கழிப்பாள். பாடப் புத்தகம் எதையும் அங்கே தொடமாட்டாள். ஒரு வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த தொடர்கதைக்காகத்தான் போனாள். அதில் அருள் என்று ஒருவன் வருவான். கடலுக்குள் ஒரு பாறைமேல் இருக்கும் கலங்கரை விளக்கத்தில் தனியாக வேலை பார்ப்பவன்.

அருள் அதிகம் பேசமாட்டான். யார் திட்டினாலும் ஒரு சிரிப்போடு விளக்கைத் துடைக்கப் போய்விடுவான். சொக்கம்மாளுக்கு அவனைப் பிடித்துப் போனதற்குக் காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கணக்கு வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்கும்போது, இதற்கு அருள் என்ன செய்திருப்பான் என்று யோசிப்பாள். மழை பெய்தால், பாறைமேல் அவன் நனைவானே என்று நினைப்பாள்.

ஆனி மாதக் கடைசியில் வந்த இதழில் புயல் அடித்தது. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள மேலே ஏறிய அருளைக் கடல் கொண்டுபோனது. 'முற்றும்' என்று போட்டிருந்தது. சொக்கம்மாள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டு பஸ் ஏறினாள். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அம்மா ஜெயம்மாள், எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று திருநீறு மந்திரித்துக் கொண்டுவந்து பூசினாள்.

மூன்றாம் நாள் எழுந்ததும், கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைப் பிரித்துத் தைத்து ஒரு நோட்டு செய்தாள். அதில் அருள் சாகவில்லை. நாலு நாள் கழித்து மீனவர்கள் அவனைக் கரையேற்றினார்கள். பாறையில் அடிபட்டதில் வலது கை மட்டும் போய்விட்டது. மறுபடி அதே விளக்குக்கு வேலைக்குப் போனான். அங்கிருந்து கடிதம் எழுதினான்.

கதைப் பகுதியை அவள் வழக்கம்போல் வலது கையால் எழுதினாள். அருளின் கடிதங்கள் வந்தபோது பேனா நின்றுவிட்டது. வலது கை போனவன் இவ்வளவு அழகாக எப்படி எழுதுவான்? பேனாவை இடது கைக்கு மாற்றினாள். முதல் கடிதத்தின் எழுத்துகள் குடித்தவன்போல் தள்ளாடின. ஆவணி முடிவதற்குள் அந்தக் கைக்கென்று ஒரு எழுத்து வந்துவிட்டது. பெரிதாக, பின்பக்கம் சாய்ந்து, 'ழ'கரத்தின் வாலை நீளமாக இழுக்கும் எழுத்து. அது தன்னுடையது இல்லை, அவனுடையதுதான் என்று அவளுக்கே தோன்றும். கடிதம் யாருக்கு என்று எழுதவில்லை. வேறு ஒருத்தியின் பெயரைப் போட மனம் வரவில்லை. தன் பெயரைப் போடக் கூச்சமாக இருந்தது. 'உனக்கு' என்று தொடங்கி, 'உன் அருள்' என்று முடித்தாள்.

புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து மத்தியானம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, அந்த நோட்டு அப்பாவின் மடியில் விரிந்து கிடந்தது.

எதிரே அம்மாவின் தம்பி முத்துவேல் நின்றுகொண்டிருந்தான். வயது இருபத்தாறு. பள்ளிக்கூடம் முடிந்ததும் சொக்கம்மாளை அவனுக்குத்தான் கொடுப்பது என்று பெரியவர்களுக்குள் பேச்சு இருந்தது. நெல் குதிருக்குப் பின்னால் கோணிப்பை எடுக்கப் போனவன் கையில் நோட்டு கிடைத்திருக்கிறது.

"யார்டி அருள்?" என்றான் முத்துவேல்.

"கதை மாமா. கதையில வர்ற ஆளு."

"கதையா? இத்தப் படி." நோட்டைப் பிடுங்கி, சாய்ந்த எழுத்தில் இருந்த ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டாமல் அவனே படித்தான். "'இந்த வாரம் இறங்கி வர முடியாது. கோபுரத்தின் உச்சியில் இருந்து பார்த்தால் உன் ஊர் தெரிகிறது. விளக்கு எரிந்தால் நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்.' கோபுரம்னா இன்னா? நம்ம கோயிலு கோபுரம்தான?"

"அது கலங்கரை விளக்கம்…"

"உனக்கு, உனக்குன்னு எழுதிக்கினு கீறானே," என்று அம்மா குறுக்கே வந்தாள். "உனக்குன்னா யாருக்குடி?"

சொக்கம்மாளின் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"மாமா, எல்லாம் நான் எழுதனதுதான்."

"ரெண்டு கையெழுத்து கீது. எனக்குக் கண்ணு இல்லியா? ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு எவனுது?" முத்துவேல் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினான். "மாமா, லைப்ரரில வேலைக்குக் கீறானே, நம்ம காலனி அம்முலு மவன், அவன் பேரு இன்னா? அருள்தாஸ். இவ தெனம் எங்க போறா? லைப்ரரிக்கு. இன்னும் இன்னா வேணும்?"

அருள்தாஸ் அந்த ஊர்க் காலனியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள். நூலகத்தில் கடைநிலை வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் அம்மா அம்முலு இவர்கள் வயலில்தான் நடவு நட்டாள். கதையின் அருளும் இந்த அருள்தாஸும் பாதிப் பெயரில் ஒன்று என்பது சொக்கம்மாளுக்கு ஒருமுறை தோன்றியிருக்கிறது. தோன்றியபோது சிரிப்பு வந்தது. கண்ணாடி போட்ட, எப்போதும் சட்டையில் பசை ஒட்டிய அந்த மனிதனிடம் அவள் பேசிய சொற்கள் மொத்தமாகச் சேர்த்தால் பத்து தேறாது.

"அவரு இல்ல மாமா! சத்தியமா அவருக்கு ஒண்ணும் தெரியாது!"

அவள் பதறியது இன்னும் கெடுதலாக முடிந்தது. முத்துவேல் நோட்டை அங்கேயே எறிந்துவிட்டு வெளியே போனான். கூட்டாளிகள் மூன்று பேரைக் கூப்பிடும் குரல் தெருவில் கேட்டது. நாலு சைக்கிள்கள் உத்திரமேரூர் ரோட்டைப் பிடித்தன. ஒருவன் கேரியரில் மண்வெட்டிக் காம்பு கட்டியிருந்ததை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பஞ்சாட்சரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அன்றைக்கு அவர் அதட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நைனா, அந்தப் பேனாவக் குடு."

"எதுக்கு?"

"குடு நைனா. அவங்க போயினே கீறாங்க."

அவர் சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, இடது கையால் எழுதினாள். அவசரத்திலும் எழுத்து அந்த எழுத்துதான். பின்பக்கம் சாய்ந்து, 'ழ'வின் வால் நீண்டு. 'விழித்திரு' என்று எழுதிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

பஞ்சாட்சரம் பழைய பக்கத்தையும் புதிய சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவசரமாக எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

"செருப்ப மாட்டு. பஸ்ஸு வர்ற நேரம்."

பஸ் இரண்டே முக்காலுக்கு வரவேண்டியது. மூன்று மணிக்கு வந்தது. சைக்கிள்கள் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றார். ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியோடு ஏறினார். ஒருத்தி கூடையை மேலே ஏற்றச் சொல்லிக் கண்டக்டரோடு சண்டை போட்டாள். சொக்கம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். வழியில் எங்கும் நாலு சைக்கிள்களைக் காணவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"மின்னாடியே இத்த எழுதிக் காட்டி இருக்கலாமே," என்றார் பஞ்சாட்சரம், அவளைப் பாராமல்.

"நான் எழுதனதுன்னு சொன்னேன் நைனா. யாரும் காதுல வாங்கல."

அவரும் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

கடைத்தெருவில் இறங்கியபோதே கூட்டம் தெரிந்தது. நூலகம் நாலு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் வந்து பத்திரிகைகளுக்கு அட்டை ஒட்டுவது அருள்தாஸின் வழக்கம். அவனை உள்ளேயிருந்து இழுத்து வந்திருந்தார்கள். சட்டை தோளோடு கிழிந்திருந்தது. உதட்டிலிருந்து ரத்தம் மோவாய் வரை வந்திருந்தது. கண்ணாடியின் ஒரு பக்கம் முத்துவேலின் செருப்புக்கடியில் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் என்ன விஷயம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தடுக்க ஒருவரும் முன்னே வரவில்லை.

"எழுதினியா இல்லியா? சொல்லுடா!"

"இன்னா எழுதனேன்? யாருக்கு எழுதனேன்? எனக்கு ஒண்ணும் புரியலியே," என்று அருள்தாஸ் திரும்பத் திரும்பச் சொன்னான்.

மண்வெட்டிக் காம்பு ஒருவன் கைக்கு வந்துவிட்டது. பஞ்சாட்சரம் ஓடிப்போய் அதைப் பிடித்தார். "முத்துவேலு, வுடு! அவன் இல்ல. எல்லாம் இவ எழுதனதுதான். என் கண்ணால பாத்தேன்."

"மானம் பூடும்னு மூடி மறைக்கிறியா மாமா? நகரு."

நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. புதிதாக வந்த புத்தகங்களின் பெயரை அதில் எழுதிப் போடுவார்கள். சொக்கம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அதன் முன்னால் போனாள். கீழ்ச் சட்டத்தில் சாக்பீஸ் துண்டு கிடந்தது. புத்தகப் பெயர்களை முந்தானையால் அழித்தாள். அவ்வளவு பேர் பார்வையும் முதுகில் குத்தியது. அவளும் அருளும் மட்டும் அறிந்த எழுத்து அது. நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்த எழுத்து. சாக்பீஸை இடது கையில் பிடித்தாள்.

'எல்லோரும் நான் செத்துவிட்டேன் என்கிறார்கள். நீ நம்பாதே. வழி தெரிந்துகொண்டு வருவேன். உன் அருள்.'

"பாரு மாமா," என்றாள். "நல்லாப் பாரு. நோட்டுல நீ பாத்ததும் இதுவும் ஒண்ணுதான? அவனுக்கு வலது கை கிடையாது. அதான் நான் எடது கையில எழுதனேன். அவன் யாருமில்ல. அப்பிடி ஒரு ஆளே கிடையாது!"

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். இல்லாத ஆளுக்காக ஒருவனை அடித்த கதை அந்தக் கடைத்தெருவில் ஒரு நிமிஷத்தில் பரவிவிட்டது. முத்துவேல் பலகையைப் பார்த்தான். இரண்டாம் முறையும் பார்த்தான். அருள்தாஸின் சட்டையை விட்டான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனான். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள்.

அருள்தாஸ் குனிந்து உடைந்த கண்ணாடியைப் பொறுக்கினான். சொக்கம்மாள் அருகே போய் நின்றாள்.

"என் பேர ஏம்மா வெச்ச?" என்றான் அவன்.

"நான் வெக்கல. அது பத்திரிகையில வந்த பேரு."

"அவனுக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது." அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

நோட்டு அவளிடமே இருந்தது. ஆனால் அடுத்த வாரம் பேனாவை இடது கையில் பிடித்தபோது வெறும் கோணல் எழுத்துகள்தான் வந்தன. நூறு பேர் முன்னால் அப்படி ஒரு ஆளே கிடையாது என்று கத்தியவள் அவள்தான். அதற்குப் பிறகு அருள் ஒரு கடிதமும் எழுதவில்லை.

ஐப்பசி பிறந்து நாற்று முற்றிக்கொண்டு வந்தது. நடவுக்குக் காலனியிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. அம்முலு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் இல்லாமல் மற்றவர்களும் வரவில்லை. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியும் பார்த்தார் பஞ்சாட்சரம். ஒரு காலை அவர் மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நீயும் வா," என்றார் மகளிடம்.

சொக்கம்மாள் அதுவரை காலனிக்குள் போனதில்லை. அம்முலு வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நிற்கவில்லை. வயலில் 'அம்முலு' என்று பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகிய சொக்கம்மாளுக்கு அன்றைக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

"அம்மா, தப்பு என்னுதுதான்," என்றாள்.

அம்முலு முறத்தைக் கீழே வைத்தாள். "எம் புள்ள தெனம் சாயங்காலம் வூடு திரும்பற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கீறேன். இந்த எட்டு ஒம்பது மாசமும் அப்பிடித்தான். அவன் வேலைக்குப் போறதே நாலு பேருக்குப் பொறுக்கல. இப்ப நீ ஒரு காரணத்தக் குடுத்துட்ட." பிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "நீ எழுதற கதையில ஒருத்தன் வர்றானாமே. அவனுக்கு அம்மா கீறாளா?"

சொக்கம்மாள் யோசித்தாள். பத்திரிகைக் கதையிலும் இல்லை. தன் நோட்டிலும் இல்லை. மூன்று மாதம் அவனையே நினைத்துக் கிடந்தவள், அவனுக்கு ஒரு தாய் இருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"இல்லம்மா."

"அதான்," என்றாள் அம்முலு. பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க அடிக்கல. அடிச்சவரு வரட்டும்."

முத்துவேல் வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அதுவும் நாற்று பழுத்துவிடும் என்று பஞ்சாட்சரம் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்த்திய பிறகு. காலனி மொத்தமும் பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம பண்ணிட்டேன்" என்றான். அருள்தாஸ் கேட்டுவிட்டு உள்ளே போனான். மறுநாள் அம்முலு வயலில் இறங்கினாள். கல்யாணப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று சொக்கம்மாள் தயாராகத்தான் இருந்தாள்.

தை மாதம் அருள்தாஸ் மாற்றல் கேட்டு வாலாஜாபாத்துக்குப் போனான். சொக்கம்மாள் பள்ளி முடித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். எழுதுவதை விடவில்லை. கடலுக்குப் போன மகன் வரும்வரை கரையில் கருவாடு விற்றபடி காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றி அவள் எழுதிய கதை 1984-ல் ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. வந்த இரண்டு பிரதிகளில் ஒன்றை, தன் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதி, வாலாஜாபாத் நூலகத்துக்கு அருள்தாஸ் பெயருக்கு அனுப்பினாள்.

ஒரு மாதம் பதில் இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. பிறகு பள்ளி விலாசத்துக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது.

'கதை படித்தேன். எங்கள் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். கருவாடு அப்படிக் காயவைக்க மாட்டார்கள் என்கிறாள். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. அ.'

சொக்கம்மாள் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தாள். பிழை இருந்தது.