பஞ்சாயத்து ரேடியோவில் ஜாஸ்

அந்த மைக்கின் கம்பிவலையில் எப்போதும் ஒரு வாடை இருக்கும். தடுப்பூசி முகாம் அறிவிக்கிறவர் முதல் தேர்தல் பேச்சாளர் வரை ஊரிலுள்ள அத்தனை வாய்களும் வந்து பேசிவிட்டுப் போனதில், வெற்றிலைச் சாறும் பீடிப் புகையும் எச்சிலும் வலையின் கண்களில் ஊறிக் காய்ந்து, கிட்டே போனாலே குடலைப் புரட்டும். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறுகிற பச்சைத் தோலின் நாற்றம் வேறு ஜன்னல் வழியாக வந்து அதன்மேல் படியும். பதின்மூன்று வயதில் நான் பாவாடை நுனியால் அந்த வலையைத் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நேயர்களே, இது நமது பஞ்சாயத்து ரேடியோ" என்று சொல்வேன். ஊரே என் குரலைக் கேட்கிறது என்கிற பெருமையில் அந்த வாடையைச் சகித்துக்கொண்டேன். பிறகு அதைவிட மோசமான ஒன்றையும் சகித்துக்கொண்டேன்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றை ஒட்டி இருந்த சின்ன ஊர் எங்களுடையது. எழுபதுகளின் கடைசி வருடங்கள். ரேடியோ நிலையம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. பூங்காவின் மூலையில் ஓர் ஓட்டு அறை, அதற்குள் ஒரு வானொலிப் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு மைக். வெளியே தெருக்களில் கம்பங்களின் மேல் எட்டு ஒலிபெருக்கிகள்; ஊர் வழக்கில் 'கொழாய்'கள். என் அப்பாதான் அதன் ஆப்பரேட்டர். அவரை நாங்கள் 'நைனா' என்று கூப்பிடுவோம். காலையும் மாலையும் அவர் மதராஸ் வானொலியைத் திருப்பிவிடுவார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் அரை மணி நேரம் உள்ளூர்க்காரர்களின் நிகழ்ச்சி. எனக்குக் குரலும் கையெழுத்தும் நன்றாக இருந்ததால் அறிவிப்பு என் பொறுப்பு.

பாடுவதற்கு ஆள் கிடைக்காத ஒரு வாரம், ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பிலிருந்து ரெக்ஸ் அங்கிளை நைனா கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஆங்கிலோ இந்தியர், கூட்ஸ் ரயிலில் கார்டு. வழுக்கைத் தலை, எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து சாக்ஸபோனை எடுத்து அவர் பூட்டியபோது, ஊர் பேண்டு செட்டில் சைடு டிரம் அடிக்கிற பஷீர் பாய் வாசலில் வந்து நின்றார். வார நாட்களில் அவர் தோல் கம்பெனியில், தோல்களைப் போட்டுச் சுற்றுகிற ராட்சத மர டிரம்மில் வேலை பார்ப்பவர். ரெக்ஸ் அங்கிள் இரண்டு நிமிடம் வாசிப்பதற்குள் பஷீர் பாய் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் டிரம்முடன் வந்தார்.

"கம்பெனி டிரம்மு சுத்தும்போது ஒரு சத்தம் வரும் பாப்பா. லொடக்குனு ஒண்ணு, அப்புறம் கொஞ்சம் இழுத்து இன்னொண்ணு. அதத்தான் நான் இங்க அடிக்கிறேன்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

முதல் வாரங்களில் ஊர் சிரித்தது. "ஜாஸுன்னா இன்னா? ஜாஸ்தியா ஊதறதா?" என்று டீக்கடைக்காரர் கேட்டது பரவி, நிகழ்ச்சிக்கே 'ஜாஸ்தி' என்று பெயர் விழுந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் அதே டீக்கடையில் பெஞ்சிலிருந்த கால்கள் தாளம் போட்டன. தெரிந்த ஒரு மெட்டைச் சாக்ஸபோன் தொடங்கும். பாதியில் அதைக் கைவிட்டு எங்கேயோ போகும். தொலைந்தே போய்விட்டது என்று நாம் நினைக்கும்போது டிரம் அதைக் கையைப் பிடித்து அழைத்து வரும். ஓதிய வேதம்போல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திரும்பச் சொல்லிப் பழகிய எனக்கு, ஒரே பாட்டை இந்த வாரம் ஒரு விதமாகவும் அடுத்த வாரம் வேறு விதமாகவும் வாசிக்கலாம் என்பதே பெரிய அதிசயம். ரேடியோ ஆண்டு விழாவில் பஞ்சாயத்துப் பிரசிடென்ட் ரெக்ஸ் அங்கிளுக்கு மாலை போட்டு, "நம்ம ஊருக்கே பெருமை" என்று அதே மைக்கில் எச்சில் தெறிக்க முழங்கினார். ஊரின் பெரிய தோல் கம்பெனியும் அவருடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஷீர் பாய் வரவில்லை. அவருடைய இரண்டு வயதுப் பையனுக்கு வாந்தியும் பேதியுமாகி வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவர் தெருக் கிணற்றில் தண்ணீர் ஆறு மாதமாகவே நிறம் மாறி வந்தது எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக் கழிவுக் கால்வாய் அந்தக் கிணற்றைத் தொட்டுக்கொண்டுதான் ஓடியது. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனோமே தவிர, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் அறிவித்து முடித்ததும் ரெக்ஸ் அங்கிள் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"இன்னிக்கி டிரம் இல்லே. பஷீர் கொழந்தைக்கு ஒடம்பு ரொம்ப பேஜாரா கீது. அவங்க தெரு கெணத்துத் தண்ணி குடிச்சான். அந்தத் தண்ணிய நான் பார்த்தேன், காப்பி மாதிரி இருக்குது. கம்பெனி தண்ணி அது. யாரும் குடிக்காதீங்க, ப்ளீஸ்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மீதி நேரம் முழுவதும் தனியாக வாசித்தார்.

மறுநாள் காலையே பிரசிடென்ட் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்த மியூசிக் வயசுப் பொண்ணுங்களக் கெடுக்குதுன்னு ஊர்ல பேச்சு இருக்குது. ஒரு பெட்டிஷன் வந்தா நான் நடவடிக்கை எடுக்கலாம். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று நைனாவிடம் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "பாப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்குமே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வாயில் உமிழ்நீர் கசக்கிறது.

நைனா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'ஆபாசமான மேல்நாட்டுக் கூத்து' என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"நைனா, ஆபாசம்னா இன்னா?"

"கேள்வி கேக்காம எழுதும்மா. என் வேலை போய்ட்டா, நீ ரேடியோவுல பேச முடியுமா?"

எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மீதியை நிறுத்தாமல், ஒரு அடித்தல்கூட இல்லாமல், தலைப்புக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதி முடித்தேன். கோடு நேராக வந்ததில் எனக்குத் திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காகிதம் நான்கு நாள் ஊரைச் சுற்றியது. தாளம் போட்ட டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார், தலைமையாசிரியர் போட்டார், நைனா போட்டார். வேலூரிலிருந்து ஒருநாள் திரும்பி வந்த பஷீர் பாயைக் கம்பெனி வாசலிலேயே நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். குழந்தை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, வேலை கம்பெனியில் இருக்கிறது, அவரும் போட்டார்.

அடுத்த ஞாயிறு ரெக்ஸ் அங்கிள் வழக்கம்போல ஜோலார்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். ரேடியோ அறை பூட்டியிருந்தது. நைனா உடம்பு சரியில்லை என்று வீட்டில் போர்த்திப் படுத்துக்கொண்டு, பஞ்சாயத்து உத்தரவையும் நான் கைப்பட எழுதிய பெட்டிஷன் நகலையும் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார். ரெக்ஸ் அங்கிளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"இதுல இன்னா எழுதிருக்குது? கொஞ்சம் படிம்மா."

படித்தேன். வேறு எப்படிப் படிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கிற அதே அறிவிப்புக் குரலில், நிறுத்தி, திருத்தமாக, 'ஆபாசமான' என்பதையும் சேர்த்துப் படித்தேன். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் கேட்டார். பஷீர் என்று வந்தபோது தலையை மட்டும் ஆட்டினார். பிறகு காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் அவர் பாட்டுகளின் வரிசையைத் தமிழில் எழுதி மைக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது நான்தான், அந்த எழுத்தை அவர் அடையாளம் கண்டிருப்பார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரைட்டிங் ரொம்ப அழகு" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். காகிதத்தை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். சாக்ஸபோனை வெளியே எடுக்காமல் அவர் போனது அந்த ஒரு நாள்தான்.

பஷீர் பாயின் குழந்தை பிழைத்துக்கொண்டது. அவர் மட்டும் அதற்குப் பிறகு கல்யாண ஊர்வலங்களில்கூட டிரம் அடித்து நான் பார்க்கவில்லை. ஞாயிறு ஒன்பது மணிக்கு பக்திப் பாடல் ரெக்கார்டு போட்டார்கள். நானே அறிவித்தேன், இன்னும் இரண்டு வருடம். எண்பதுகளின் நடுவில் வீட்டுக்கு வீடு டி.வி. வந்ததும் அறையை மூடினார்கள். நைனா ஓய்வு பெற்ற விழாவில், "இந்த ஊருக்கு ஜாஸைக் கொண்டாந்ததே நான்தான்" என்று பேசிக் கைத்தட்டு வாங்கினார். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன். வெயில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரி சமுதாய வானொலி நடத்துகிறது. குளிர்சாதன அறை, பஞ்சு உறை போட்ட மைக், எந்த வாடையும் இல்லை. போன மாதம் 'நம்ம ஊரின் இசைப் பொற்காலம்' என்று ஒரு நிகழ்ச்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சியை வழங்கியது ஒரு தோல் கம்பெனி. பேட்டி எடுத்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும்.

"அவ்ளோ நல்லா போய்ட்டிருந்த ப்ரோக்ராம் ஏன் மேடம் நின்னுபோச்சு?" என்று கேட்டாள்.

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், பெட்டிஷனைப் பற்றிச் சொன்னேன், எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லாததைச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் யாரையோ பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பினார்கள். இன்று ஊரில் கம்பங்களும் இல்லை, கொழாய்களும் இல்லை, அந்தத் தெருக் கிணற்றைத் தூர்த்து மேலே கடை கட்டிவிட்டார்கள்; ஆளுக்கொரு கைபேசியில் கேட்டார்கள். நானும் கேட்டேன். என் குரல், "ரெக்ஸ் அங்கிள் வாசிச்சா டீக்கடையே தாளம் போடும்" என்று சிரித்தது. உடனே ஒரு சாக்ஸபோன் ஒலித்தது, யாரோ எங்கோ பதிவு செய்தது. அடுத்து அந்தப் பெண் எனக்கு நன்றி சொன்னாள். நடுவில் எதையும் வெட்டிய சுவடே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்கள்.