மாமாவின் குதிரை நின்ற இடங்கள்

என் பெரிய மாமாவிடம் ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. ராணுவத்தில் குதிரையேற்றம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர், காலடிப்பேட்டையில் ஒரு மரவாடியின் பின்புறம் கொட்டகை போட்டு அதை வளர்த்தார். விடியும் நேரத்தில் கடற்கரைக்குக் கொண்டுபோவார். எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் பனியும் ஒன்றாக இறங்கியிருக்கும். குதிரை காலைத் தூக்கி, வைக்க மறந்ததுபோல் ஒரு கணம் காற்றிலேயே வைத்திருந்து, பிறகு மணலில் இறக்கும். சாட்டை கிடையாது, அதட்டல் கிடையாது. மேலே இருப்பவர் உட்கார்ந்தபடி தூங்குகிறார் என்றே தோன்றும்.

வலை உலர்த்த வருகிறவர்களுக்கு அது போதவில்லை. கல்யாண ஊர்வலத்தில் மேளத்துக்குத் துள்ளும் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

“இன்னா மாமு, நல்லா துன்னுது, ஒரு ஆட்டம் ஆடாதா?”

“ஆடிகினுதான் கீது நைனா. உன் கண்ணுக்குத்தான் தெரியல” என்பார் மாமா.

அந்தக் கேலி அவரைவிட என்னைத்தான் சுட்டது.

எனக்குப் பத்து வயதானபோது மாமா இறந்துபோனார். பாடைக்கு முன்னால் குதிரை போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தாள். மாமாவை விட்டால் அதன்மேல் ஏறப் பழகியிருந்தவள் நான் ஒருத்திதான். அம்மா கூடாது என்றாள்.

“அவரு ஏத்திவுட்ட பொண்ணு. இன்னிக்கி இவ ஏறாம வேற யாரு ஏறுவா?” என்று அத்தை கேட்டதும் அம்மா அடங்கிப்போனாள்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அதற்குள் அந்த மிதக்கும் நடையைத் தெரு முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

டப்பு மேளச் சத்தம் எழுந்தது. குதிரை மிரளவில்லை, காலைத் தூக்கிக் காற்றில் நிறுத்தியது. கீழே சாமந்தியும் ஊதுவத்திப் புகையும் மெல்ல நகர்ந்தன. ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மாலைக்குள் மாமாவின் முகம் லேசாக ஆடிக்கொண்டு வந்தது. விம்மல் வந்துவிட்டது.

குதிரை நின்றது. காலால் அழுத்தினேன், கிளம்பியது. மறுபடி அழுகை வந்தது, மறுபடி நின்றது. ஒவ்வொரு தடவையும் பாடை நின்றது. அடிப்பவர்களும் கையை நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் கடல் கேட்டது.

“அதுக்குத் தெரிஞ்சிபோச்சு பாரு” என்றார் ஒருவர். கடற்கரையில் கேலி பேசியவர்தான். குதிரையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தாலி கட்டிகினவ நானே நடந்து வர்றேன், இதுக்குக் கால் வர்ல பாரேன்” என்றாள் அத்தை. அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

தெருமுனை வந்தது. என்னை இறக்கிவிட்டார்கள். அந்த நடையை யாருமே சரியாகப் பார்க்கவில்லை. தன் துக்கத்தில் என் எண்ணத்தைக் கெடுத்துவிட்டது என்று குதிரைமேல் கொஞ்ச நாள் கோபமாகக்கூட இருந்தேன்.

மாமா எனக்கு எதையும் விளக்கிச் சொன்னதில்லை. என் முதுகில் உள்ளங்கையை வைத்து, “மூச்ச வுடு கண்ணு” என்பார். நான் நீளமாக விட்டு உடம்பைத் தளர்த்துவேன், குதிரை நிற்கும். அவர் பக்கத்தில் இருப்பதால் நிற்கிறது என்று நினைத்திருந்தேன். நிற்கச் சொல்கிற கட்டளையே அந்த மூச்சுதான் என்பது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அன்று தெரு நெடுக, ஒவ்வொரு விம்மலின் முடிவிலும் நான் அதைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறேன். அத்தனை மேளத்திலும் குதிரைக்கு அது கேட்டிருக்கிறது.