மாமாவின் கோலும் மருமகனின் கொடியும்

ஸ்கொட்லாந்தில் பிறந்த றொய்சனுக்கு வயது பத்தொன்பது. ரொறன்ரோவின் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகமொன்று அவனை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. முதல் ஆட்டத்தில் அவன் அடித்த பந்து மறுநாள்தான் ஐம்பது கிலோமீற்றர் தள்ளி விட்பி நகரில் தரையிறங்கியது. நீங்கள் நம்பாவிட்டால் அது பந்தின் குற்றமில்லை.

அந்த ஞாயிறு மார்க்கம் நகரில் ஊர்க் கழகங்களின் இறுதியாட்டம். அவனுடைய யோசப் மாமாவின் அணிக்கு ஓராள் குறைந்தது.

"பத்து நிமிசம் விளையாடடா, ஆருக்குத் தெரியப்போகுது?"

"வேறை அணிக்கு விளையாடினால் என்ரை ஒப்பந்தம் போயிடும், மாமா. வேணுமெண்டால் லைன்ஸ்மனா கோட்டோரம் கொடி பிடிச்சு நிக்கிறன்."

கால்கள் துடிக்கத் துடிக்கக் கொடியோடு நின்றான். கடைசி நிமிடத்தில் மாமாவின் அணி கோல் போட்டது. சனம் துள்ளிக் குதித்தது. றொய்சன் கொடியை உயர்த்தினான்: ஓஃப்சைட், கோல் செல்லாது. கிண்ணம் கைவிட்டுப் போனது.

"நீ என்ரை சொந்த மருமகனடா!"

"ஓம் மாமா, அதுக்காகத்தான் வடிவாப் பாத்தனான்."