பந்தியில் கேட்ட கேள்விகள்

என் மனைவியின் தம்பியை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சம்பந்தி வீட்டார் முன்னால் நான் தலைகுனிய வைத்தேன். அன்று எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. வெறும் பழக்கத்தால் செய்தேன். கோபத்தில் செய்திருந்தால் ஒருவேளை சீக்கிரம் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

எட்டு ஒன்பது வருடம் இருக்கும். ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவனாக இருந்தேன். ஓய்வு பெறும் காலம் நெருங்கியிருந்தது. வீடு மறைமலை நகரில். மகளுக்கு வரன் அமைந்து, கல்யாணத் தேதி குறிப்பதற்காக மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார்கள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பொருள் கெட்டுப்போனால், ‘ஏன்’ என்று கேட்போம். பதில் வந்ததும், அந்தப் பதிலுக்கு ஒரு ‘ஏன்’. துளை சரியாக விழவில்லை, ஏன்? துளையிடும் முனை தேய்ந்துவிட்டது. ஏன் தேயும்வரை விட்டார்கள்? ஷிஃப்ட் மாறும் நேரம், அடுத்தவர் மாற்றுவார் என்று இவர் போய்விட்டார். இப்படித் தோண்டிக்கொண்டே போனால் நாலைந்து கேள்விக்குள் வேர் கிடைத்துவிடும். ‘வொய் வொய்’ என்று பெயர். பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது, கேள்வி வேலையைப் பற்றி இருக்கவேண்டும், ஆளைப் பற்றி இருக்கக்கூடாது என்பதைத்தான். எத்தனையோ பேருக்கு நானே அதை வகுப்பெடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது அந்தக் கேள்வியை வாசலில் விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. பால் பொங்கி வழிந்தால் ஏன். மகள் ஒரு பாடத்தில் குறைந்தால் ஏன், அதற்கு ஏன்.

“பாலு பொங்கிச்சின்னா பொங்கிச்சி. அதுக்கும் ஒரு மீட்டிங்கா?” என்பாள் மனைவி.

“அப்பா, நான் ரிஜெக்ட் பீஸாப்பா?” என்று மகள் ஒருமுறை கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மைத்துனர் எங்கள் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டினார். காண்டிராக்ட் வண்டி. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலும், வழியில் உள்ள வாடகை அறைகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு முதல் ஷிஃப்டுக்கு வந்துவிடவேண்டும். ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவர், அவர் மனைவி, என் மாமியார் மூவரும் இருந்தார்கள். மாமியாருக்கு வயதால் ஞாபகம் தடுமாறுகிறது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. கேட்டால் “கெயவி நல்லாத்தான் கீது” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வாரம் அவர் பஸ் இரண்டு முறை தாமதமாக வந்தது. உற்பத்தி லைன் ஆளில்லாமல் நின்றது. “சார், இன்னிக்கும் உங்க மச்சான் புண்ணியத்துல டீ குடிக்க டைம் கெடச்சுது” என்று ஒரு மேலாளர் சொன்னது எனக்குள் குத்திக்கொண்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் மைத்துனர் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். ரசம் வந்தபோது ஆரம்பித்தேன்.

“இன்னா மச்சான், இந்த வாரம் பஸ்ஸு ரெண்டு வாட்டி லேட்டாமே?”

“ஆமா மாமா. எழுந்துக்க லேட்டாயிடுச்சி.”

“ஏன்?”

“ராத்திரி சரியா தூக்கமில்ல.”

“ஏன் தூக்கமில்ல?”

“அப்பறமா சொல்றேன் மாமா. சாப்புடுங்க, ரசம் ஆறுது.”

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். “சம்பந்தி வுடமாட்டாரு போல கீதே!” அந்தச் சிரிப்பு எனக்கு உற்சாகம் கொடுத்தது.

“சொல்லு மச்சான், நம்ம ஜனங்கதானே. ஏன் தூக்கமில்ல?”

“அம்மா ராத்திரில எழுந்து எழுந்து போவுது மாமா.”

“கதவுக்குத் தாப்பா போடவேண்டியதுதானே? ஏன் போடல?”

“தொறந்துடுது. போன மாசம் கண்டெய்னர் லாரி போற ரோட்டுல போயி நின்னுகினு இருந்துச்சி. அதுலேர்ந்து…” அவர் நிறுத்தினார். இலையைப் பார்த்தார்.

“அதுலேர்ந்து?”

“கையில துணி கட்டித்தான் படுக்க வெக்கிறேன்.”

மாப்பிள்ளையின் அத்தை, சோற்றைப் பிசைந்த கையோடு, “பெத்தவளக் கட்டியா போடுவாங்க?” என்றார். பாயசம் பரிமாற வந்துகொண்டிருந்த என் மனைவி அப்படியே நின்றாள்.

“டேய்… அம்மாவக் கட்டிப்போட்டியாடா?”

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தார். கை கழுவிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவியும் பின்னாலேயே போய்விட்டாள்.

வேர் கிடைத்துவிட்டது. தொழிற்சாலையில் என்றால், அந்த இடத்தில் பரிகாரத்தைப் பலகையில் எழுதுவோம். இங்கே என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாளே மனைவி தாய்வீட்டுக்குப் போனாள். தம்பி வண்டி ஓட்டப் போயிருந்தார். அடுத்தமுறை போனபோதும் இல்லை. அக்கா வரும் நேரம் பார்த்து வெளியே போய்விடுகிறார் என்று புரிந்தது. போன் செய்தால் எடுப்பார், “நல்லா கீறோம்” என்பார், வைத்துவிடுவார். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என் மனைவி. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “நான் அப்டிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா என்ன அங்க நிக்க வெச்சிக் கேக்க வெச்சது நீங்க.”

மடித்த துணிகளை எடுத்துப் போய் அலமாரியில் அடுக்கினேன்.

கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்கவேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எடுத்துக்கொண்டு இருவரும் பிற்பகலில் போனோம். முதல் ஷிஃப்ட் ஆட்களை இறக்கிவிட்டு அவர் தூங்கும் நேரம் அது.

“அவரு இப்பதாண்ணா படுத்தாரு” என்று அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். எழுப்பவேண்டாம் என்றோம்.

உள் அறையில் தரையில் பாய் போட்டு அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் மாமியார். மாமியாரின் மணிக்கட்டில் பழைய புடவைக் கிழிசல் ஒன்று, வளையல் போலத் தளர்வாக. கையை உருவினால் வந்துவிடும். அதன் மறுமுனை மைத்துனரின் கணுக்காலில் இறுக்கி முடிச்சிடப்பட்டிருந்தது. மாமியார் எழுந்தால் இவர் கால் இழுபடும், விழித்துக்கொள்வார். மாமியார் கையில் ஒரு தடமும் இல்லை. இவர் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது.

பந்தியில் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது வந்திருக்கும் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன். கேட்காமலே இருந்திருந்தால் இதெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

மனைவி தரையில் உட்கார்ந்து அந்தக் கணுக்காலைத் தொட்டாள். அவர் விழித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தார்.

“எப்பக்கா வந்த?” என்றார்.

அவள் அழுதாள். “அட, எனக்கு வலிலாம் இல்லக்கா, கூச்சம்தான். கால வுடு” என்று சிரித்தார். என்னைப் பார்த்து “வாங்க மாமா” என்றார். அவ்வளவுதான். பத்திரிகைத் தட்டை அக்கா கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அதற்குள் மாமியார் எழுந்துவிட்டார். “யாரு நீ?” என்று என்னைக் கேட்டார்.

“உங்க மருமகன் அத்தே.”

“எந்த மருமவன்? எம் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே.”

“ஆயிடுச்சி அத்தே. இவதான் உங்க பொண்ணு.”

“இவளா? இவ கெயவியாட்டம் கீறா!” எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்போடு நான் விஷயத்தை விட்டிருக்கவேண்டும்.

விடவில்லை. பலர் முன்னால் செய்த தவறுக்குப் பலர் முன்னால் மன்னிப்புக் கேட்பதுதான் நியாயம் என்று நினைத்தேன். நன்றாக யோசித்து, நேர்மையாக எடுத்த முடிவு அது. கல்யாணத்துக்கு முந்தைய மாலை வரவேற்பில், பாட்டுக் கச்சேரிக்காரர்களின் மைக்கை வாங்கினேன். என் மைத்துனரைப் பற்றி மற்றவர்கள் தவறாக நினைக்கும்படி செய்துவிட்டேன், அவர் தன் தாயை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் தெரியுமா என்று ஆரம்பித்து, புடவைக் கிழிசல், கணுக்கால் தடம், லாரி ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபம் கைதட்டியது. மாப்பிள்ளையின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

மாமியாரை அன்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். புதுப் புடவை, தலையில் பூ. வருகிறவர்களையெல்லாம் “வாங்க, சாப்ட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்து வீட்டுப் பெரியவராக அழகாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடித்ததும் ஜனங்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். “ஆயா, நான் யாருன்னு சொல்லு பாப்போம்?” “என்னத் தெரியுதா?” “இவரத் தெரியுதா?” எல்லோரும் பிரியமாகத்தான் கேட்டார்கள். மாமியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “வூட்டுக்குப் போலாம், வூட்டுக்குப் போலாம்” என்று மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மைத்துனர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் உட்காரவைத்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“மச்சான், உனக்குக் கெட்ட பேர் வந்துச்சேன்னுதான்…”

“எனக்கு இன்னாத்துக்கு மாமா நல்ல பேரு?” குரலை உயர்த்தாமல் சொன்னார். “அன்னிக்கு உங்க வூட்டுல ஒரு பந்திக்குத் தெரிஞ்சுது. இன்னிக்கு மண்டபத்துக்கே தெரிஞ்சுது. அம்மாவுக்குப் புத்தி போயிடுச்சின்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதான இவ்ளோ நாளா நான் வாயத் தொறக்கல. அக்கா கிட்டகூடச் சொல்லல.”

ஆட்டோ போய்விட்டது. உள்ளே மறுபடி பாட்டு ஆரம்பித்திருந்தது.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவர் வருவாரா என்று என் மனைவி மணமேடையை விட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளும் அதையே பார்த்தாள். நேரத்துக்கு வந்தார். தனியாக வந்தார். மகளுக்கு மாலை போட்டு, நெற்றியில் பட்டம் கட்டி, தாய்மாமன் செய்யவேண்டியதையெல்லாம் ஒரு குறையும் இல்லாமல் செய்தார். அவளைத் தட்டிக்கொடுத்து ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். பிறகு பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதும் இன்னொரு முறை அவரைப் பதில் சொல்லவைப்பதுதான் என்று எனக்குத் தோன்றியது. மனைவி வாரத்தில் சில நாள் தாய்வீட்டில் தங்க ஆரம்பித்தாள். அந்தக் கிழிசலைத் தன் காலில் கட்டிக்கொண்டு தம்பியைத் தூங்கச் சொன்னாளாம். அக்காவும் தம்பியும் என்ன பேசிக்கொண்டார்கள், எப்போது சரியானார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களாகவே சரிசெய்துகொண்டார்கள். அதில் என் பங்கு, நடுவில் போகாமல் இருந்தது மட்டும்தான்.

மாமியார் சில வருடம் கழித்துத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மைத்துனர் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறார். நேராகச் சமையலறைக்குப் போய் அக்காவிடம் சாப்பிடுகிறார். சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் போனால் பேச்சு நிற்கும். அதனால் போவதில்லை.

போன மாதம் ஒரு நாள், மனைவி கடைக்குப் போயிருந்தபோது வந்தார். வேறு வழியில்லாமல் என் எதிரில் உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது. காபி கலந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, “பஸ்ஸ வுட்டுடலாம்னு பாக்கறேன் மாமா” என்றார்.

“ம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கேள்விக்காகக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் தட்டிலிருந்த முறுக்கை அவர் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஏதோ கொஞ்சம் சொன்னார். மீதியைச் சொல்லாமல் எழுந்து போனார். காரணம் எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே ஒருவர் எதிரில் அமைதியாக உட்கார்ந்திருப்பது, அந்தத் தொழிற்சாலையில் நான் கற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கிறது, இந்த வயதில் அதைத்தான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறேன்.