குறிஞ்சிப்பிட்டியில் ஒரு மான்கொம்புக் கத்தி

காலை ரயிலில் கொழும்பிலிருந்து சிலாபம், அங்கிருந்து பஸ்ஸில் பாலாவி. பத்தரை மணிக்குச் சந்தியில் இறங்கியபோது லொறிப் புழுதிக்கு அப்பால் உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. கல்பிட்டி பஸ் வரும்வரை கடையொன்றில் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். சந்தோஷமாகவே சாப்பிட்டேன்.

மான்கொம்புப் பிடி போட்ட பழைய மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவன் நான். கொட்டாஞ்சேனை வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. குறிஞ்சிப்பிட்டி மீனவர் மரியதாஸிடமும் ஒன்று உண்டென்று மீன் வியாபாரி ஒருவர் சொன்னார். தென்னந்தோட்டத்துத் துரை ஒருவர் அவருடைய பாட்டனுக்குக் கொடுத்ததாம். போனில் கதைத்தேன். விற்கச் சம்மதித்தார்.

பாலாவியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒருபுறம் களப்புத் தண்ணீர், மறுபுறம் வெங்காயத் தோட்டங்கள். குறிஞ்சிப்பிட்டியில் இறங்கி, முந்நூறு ரூபாய் பேசி ஓட்டோ பிடித்தேன்.

“மகன் மௌத்தான வீட்டுக்குத்தானே சேர்?” என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

“எந்த மகன்?”

“ரொஷான். மரியதாஸுக்கு ஒரே மகன்தானே. போன கிழமை கடல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. திரும்பிவிடலாமென்று நினைத்தேன். ஆனால் மரண வீட்டின் ஒழுங்கைவரை வந்தவன் எப்படித் திரும்புவது? வழிக் கடையில் சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டேன்.

முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் இன்னும் அடுக்கியபடி இருந்தன. மரியதாஸ் என்னை உட்காரச் சொன்னார். நான் வாய் திறக்குமுன் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார்.

“நீங்கதானே போன்ல சொன்னீங்க, உப்புத்தண்ணி பட்டா மடக்குற வில்லு பழுதாப் போகும், இனிக் கடலுக்குக் கொண்டுபோக வேணாமெண்டு. அதுதான் அவன்ட இடுப்பிலருந்து வாங்கி வச்சேன்.”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வலை விடும்போது நங்கூரக் கயிறு ரொஷானின் காலில் சுற்றியிருக்கிறது. கூடப் போனவர் பெட்டியைத் திறந்து வேறு கத்தி தேடுவதற்குள் கயிறு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கத்தியை விரித்தேன். ‘டக்’கென்று நின்றது. நான்கு தலைமுறைக் கைகள் பட்டுக் கொம்பு தேன் நிறமாகியிருந்தது, ஒரு வெடிப்பில்லை. இதைவிட நல்லதொன்றை நான் கண்டதில்லை. அந்த வீட்டில், அந்த நேரத்தில், என் கண் அதைத்தான் பார்த்தது.

“உங்களுக்குக் கத்தி தெரியும் தம்பி. உண்மையச் சொல்லுங்க. இது நைலோன் கயித்த ஒரே இழுவைல அறுக்குமா?”

“அறுக்காது அண்ணன். பழைய இரும்பு.”

அவர் கதிரைக்கடியிலிருந்து ஒரு பிடி நீலக் கயிற்றுத் துண்டுகளை அள்ளி மடியில் போட்டார். எல்லாம் சுத்தமாக அறுபட்ட துண்டுகள்.

“நான் அறுத்துப் பார்த்தேன் தம்பி. அறுக்குது.”

அவர் மனைவி பிலோமினா அடுப்படி வாசலில் நின்றிருந்தார். “கொண்டு போங்க தம்பி. காசு வேணாம். இது இங்க இருந்தா இவர் சாப்பிடவும் மாட்டார், கடலுக்குப் போகவும் மாட்டார்.” நான் மறுத்தேன். அவரே கத்தியை மடித்து என் பைக்குள் வைத்தார். மரியதாஸ் நிமிரவில்லை.

பிற்பகல் பஸ்ஸில் திரும்பினேன். காலையில் பார்த்த அதே களப்பு, அதே தோட்டங்கள். ஒன்றையும் பார்க்கவில்லை. போகும் இடமெல்லாம் எதையோ மீட்டுக்கொண்டு வருவதாகத்தான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். வீட்டில் என் கத்திகள் எண்ணெய் பூசிய பளபளப்போடு, ஈரம் அண்டாமல் இருந்தன. இதை அவற்றோடு வைக்கக் கை வரவில்லை. பையிலேயே கிடக்கிறது.

கத்தி போனபிறகாவது அவர் தேறியிருப்பாரென்று எண்ணி, இரண்டு கிழமை கழித்துப் போன் எடுத்தேன். பிலோமினாதான் கதைத்தார்.

“சாப்பிடுறாரா அக்கா?”

“இல்ல தம்பி. இப்ப சமையல் கத்திய எடுத்து வச்சுக் கயிறு அறுக்கிறார்.”