பரஞ்சோதி அண்ணையின் சனிக்கிழமைச் செடி

செய்தி வந்தபோது நான் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சலூன் கதிரையில் இருந்தேன். மீசையின் ஒரு பக்கத்துக்குச் சாயம் பூசி முடிந்திருந்தது. அண்ணையின் மனைவி ராணி அக்கா போனில் அழவில்லை. "தம்பி, உங்கட அண்ணை போயிட்டார். நித்திரையிலேயே" என்றார். நான் கழுத்துத் துண்டை உருவிப் போட்டுவிட்டு அப்படியே அவர்களுடைய ஃபிளாட்டுக்கு ஓடினேன். அங்கே கூடியிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் தலையைக் குனிந்துகொண்டார்கள் என்பது வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் விளங்கியது. பரஞ்சோதி அண்ணை உயிரோடு இருந்திருந்தால் குனிந்திருக்க மாட்டார். மற்றப் பக்கத்துக்குச் சலூன்காரன் என்ன விலை கேட்டவன் என்று விசாரித்திருப்பார்.

அவரும் நானும் ஒரே சுரங்க ரயில் நிலையத்தில் டிக்கெட் பார்க்கிற கேட் வாசலில் பல வருடம் சேர்ந்து நின்றவர்கள். இறுதிச் சடங்கில் பேசிய பெரியவர்கள் அவருடைய நேர்மையைச் சொன்னார்கள், கோயில் தொண்டைச் சொன்னார்கள். அந்தச் செடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவர்களுடைய நாகரிகம். எனக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் பயந்துபோய், அதை எழுதலாமா என்று ராணி அக்காவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ" என்றார். "நேர்மை நேர்மை எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அண்ணைக்கு விதை முளைக்க வைப்பதில் ஒரு பைத்தியம். காய்ப்பது அவருக்கு முக்கியமில்லை. முளைக்கவேண்டும், அவ்வளவுதான். பாகல் விதையின் மூக்கை நகவெட்டியால் மெல்லக் கிள்ளுவார். புடலம் விதையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுவார். மிளகாய் விதையை ஈர ரிஷ்யூக் கடதாசியில் மடித்து இரண்டு பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் வைத்து, எங்கள் ஓய்வறைக் குளிர்ப்பெட்டியின் மேல், பின்பக்கச் சூடு படுகிற இடத்தில் ஒளித்துவைப்பார். ஒருமுறை மேலாளர், யாரோ கேக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று ஆசையாய் மேல் தட்டைத் தூக்கிவிட்டு, வெள்ளை வெள்ளையாய் வால் விட்டுக் கிடந்ததைக் கண்டு கத்திவிட்டார். அண்ணைக்கு அந்த ஆள் பயந்ததில் கவலையில்லை, தட்டைத் திறந்ததில்தான் கோபம். "வேர் எட்டிப் பாக்குமட்டும் நீர் எட்டிப் பாக்காதேயும்" என்பது அவர் எங்கள் எல்லோருக்கும் போட்ட சட்டம்.

ஓய்வு பெற்றபின் இந்தப் பைத்தியம் முழுவதாக வீட்டுக்குள் வந்தது. சுடுதண்ணிப் பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் தட்டுகள். இன்டர்நெட் ரவுட்டரின் தலையில் தட்டுகள். "இந்த வீட்டில சூடா இருக்கிற சாமான் எல்லாத்திலயும் ஒரு விதை படுத்திருக்கு. நான்தான் குளிருக்கை நிக்கிறன்" என்று ராணி அக்கா சொல்வார்.

அந்த நேரம் பார்த்து அவருக்கு ஏழரைச் சனி தொடங்கியது. சனிக்கிழமைகளில் விரதம். காகத்துக்குச் சோறு வைக்காமல் கை நனைக்க மாட்டார். லண்டன் காகத்துக்கு இந்த ஏற்பாடு தெரியாது. சோற்றைத் தின்ன வந்தவை எல்லாம் புறாக்கள். அண்ணை விடவில்லை. பறவைகள் பழகினால் காகமும் வரும் என்று ஒரு மூட்டை குருவித் தீனி வாங்கி பல்கனியில் தூவினார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, கறுப்பாய், சந்தேகப் பார்வையோடு, ஒரு காகம் வந்தே விட்டது. சில நாள் கழித்து வெண்டி நட்டிருந்த சாடிக்குள் அவர் போடாத ஒரு முளை.

"காகம் கொண்டந்து போட்டது ஐசே. சனீஸ்வரன்ர கை. பிடுங்கேலாது."

முளையின் நுனியில் ஒட்டியிருந்த கோதைப் போலவே, பல்கனி மூலையில் இன்னும் விதைகள் கிடந்தன. பொறுக்கி எடுத்து, ரிஷ்யூவில் மடித்து, தட்டுக்குள் வைத்து, பொயிலர் அலுமாரிக்குள் படுக்கவைத்தார். அவர் கைக்குச் சட்டைப் பொத்தானும் முளைக்கும். அத்தனையும் முளைத்தன. இலை விரல் விரலாய், விளிம்பு வாள் மாதிரி. அது கஞ்சா. அதன் புகையின் மணம் அண்ணைக்குத் தெரியும். லண்டனில் ஸ்ரேசன் வாசலில் நின்றவர் வேறு எதை மணப்பது? ஆனால் இலையாய்க் கண்டதில்லை. பட்டம் பெற்ற நான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புளிச்சகீரை இனம் போல கிடக்கு" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அதோடு நிற்கவில்லை. சனி பிடித்த வீடுகளைத் தேடித் தேடி ஆளுக்கொரு சாடி கொடுத்தார். என் ஜாதகத்தில் சனி இல்லாத காலம் குறைவு என்பதால் முதல் சாடி எனக்கு. என் மனைவி அதைக் குசினி யன்னலில் வைத்து, சனிக்கிழமை தவறாமல் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிச் சுற்றிக் கும்பிட்டாள். செடியும் நன்றாகத்தான் வளர்ந்தது.

ஒரு நாள் காலை நகரசபைக் கவுன்சிலிலிருந்து பொயிலர் பார்க்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அலுமாரியைத் திறந்தார், மூடினார். பல்கனியை எட்டிப் பார்த்தார். பிறகு அண்ணையை இருக்கச் சொல்லிவிட்டு, அது என்ன செடி என்று சொன்னார். "நான் காணேல்லை சேர். ஆனால் புறாவைப் பற்றி முறைப்பாடு வந்து, பின்னேரம் ஹவுசிங் ஒஃபிசர் உங்கட பல்கனியைப் பாக்க வாறா. அவ காணுவா" என்றும் சொன்னாராம். அது கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த வீடு. கஞ்சா வளர்த்தால் வீடு போகும் என்பது குத்தகைக்குக் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் தெரியும்.

அண்ணை சப்பாத்தைக் காலில் மாட்டினார். ராணி அக்கா வழியை மறித்தார்.

"முதல் எங்கடயைப் பிடுங்கிப் போட்டுப் போங்கோ."

"அதை நீர் பிடுங்கும். நான் குடுத்த வீடுகளுக்குப் போகவேணும். அதுகள் கும்பிட்டுக்கொண்டு இருக்குதுகள், பாவங்கள்."

"சனீஸ்வரன்ர செடியை நான் பிடுங்கிறதோ? பிறகு வாறதை ஆர் வாங்கிறது?"

"கஞ்சா எண்டு தெரிஞ்ச பிறகுமோ?"

"ஆர் கண்டது, அவருக்கு விருப்பமோ என்னவோ."

போனில் சொல்லியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். போனில் அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லோருடைய பெயரும் பதிவாகிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். அதனால் நேரே என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி விளக்கை எடுத்து அப்பால் வைத்துவிட்டுச் சாடியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் என் புளிச்சகீரைப் புலமையை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. நான் என் பழைய காரை எடுத்தேன். வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அண்ணை ஒரே வசனம்தான் சொன்னார்: "நான் பிழையான சாமானைத் தந்திட்டன், திருப்பித் தாங்கோ." காகத்தின் மேல் பழி போடவில்லை. சனீஸ்வரனின் மேலும் போடவில்லை.

ஹை ஸ்ட்ரீட்டில் நகைக்கடை வைத்திருந்தவர்தான் மல்லுக்கு நின்றார். சாடி அவருடைய கல்லாவுக்குப் பக்கத்தில், பூ வைத்து, சந்தனம் பூசி இருந்தது.

"அண்ணை, இதை வைச்ச பிறகுதான் கடைக்கு ஆக்கள் வருகினம்."

"வருவினம். இனிப் பொலிசும் வரும்."

"ஒரு கிளையையாவது விட்டிட்டுப் போங்கோவன்."

"நீர் உள்ளுக்குப் போனால் அங்கயும் கும்பிடலாம், செடி தேவையில்லை."

அவரைக் கரைத்து எடுக்க நேரம் போய்விட்டது. நாங்கள் திரும்பும்போது காரின் பின்சீட் ஒரு சின்னக் காடு. நான் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திவிட்டு இரக்கத்தோடு திரும்பிப் பார்த்தார். காருக்குள்ளேயே செடிகளைச் சாடியிலிருந்து பிடுங்கி ஒரு பெரிய பைக்குள் அமத்தினோம். காரில் விட்டால் பிடிபடும், தெருக் குப்பையில் போட்டால் யாராவது எடுப்பார்கள் என்று மேலே கொண்டுபோனோம்; பை என் கையில். லிஃப்டில் ஏறி, கதவைத் திறந்தோம். ஒஃபிசர் அம்மா ஏற்கெனவே வந்து பல்கனியில் நின்றார். கையில் ராணி அக்கா கொடுத்த தேத்தண்ணி. முன்னால் அண்ணையின் செடிகள், ஒன்றும் பிடுங்கப்படாமல், இடுப்பளவுக்கு.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பையைப் பார்த்தார். என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னால் போகத் தொடங்கின. அப்போது அண்ணை கையை நீட்டி என்னிடமிருந்து பையை வாங்கினார். வாங்கி மேசையில் வைத்து, தன்னுடைய ஸ்ரேசன் ஆங்கிலத்தில் சொன்னார்: "இது என்ர. இந்தாள் என்னைக் காரில ஏத்திக்கொண்டு வந்தவர், அவ்வளவுதான். நான் முளைக்க வைச்சதில வெளியில இனி ஒண்டும் இல்லை."

பிறகு சனிக்கிழமையைச் சொன்னார், காகத்தைச் சொன்னார், தட்டைச் சொன்னார். அந்த அம்மா குருவித் தீனி மூட்டைக்குள் கைவிட்டு அளைந்தார். உருண்டையாய், சாம்பல் நிறத்தில் சிலதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து அண்ணைக்குக் காட்டினார். தீனியிலேயே அந்த விதை கலந்திருந்திருக்கிறது. அண்ணையின் முகம் வாடியது. காகம் ஒன்றும் கொண்டுவரவில்லை என்பதுதான் அவருக்குக் கவலை.

"என் கண் முன்னால் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். இனிப் பறவைகளுக்குத் தீனி போடமாட்டேன் என்று சொல்லுங்கள். நான் புறாவைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு போகிறேன்" என்றார் அந்த அம்மா.

அண்ணை ஒவ்வொன்றாய், வேர் அறாமல் பிடுங்கினார். கையைத் துடைத்துவிட்டு, "செடி முடிஞ்சுது. காகத்துக்கு வைக்கமாட்டன் எண்டு சொல்லேலாது. அது பொய்யாப் போகும்" என்றார்.

"ஓமெண்டு சொல்லுங்கோவன் மனுசன்" என்று ராணி அக்கா தமிழில் பல்லைக் கடித்தார். வீடு அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அண்ணை பிடுங்கிய செடிகளை அடுக்கத் தொடங்கினார். அந்த அம்மா தேத்தண்ணியை முடித்தார். மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "எதிரில் ஒரு பூங்கா இருக்கிறதே, காகம் அங்கேயும் வருமே" என்றார். அண்ணை யோசித்து, "ஓம், அது ஏலும்" என்றார். வீடு தப்பியது.

அவருடைய தட்டுகளும் நகவெட்டியும் ராணி அக்காவிடம் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும். அன்று என் கையிலிருந்து பையை வாங்கியபோது அவர் சொன்ன 'என்ர' என்ற சொல்லைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வேலையிலும் வீட்டிலும் அதைச் சொல்லிப் பார்க்க முயல்கிறேன். பிழை உண்மையில் என்னுடையதாய் இருக்கும்போதே வாயில் வேறு ஆளின் பெயர்தான் வருகிறது. அண்ணை அதை எப்படி அவ்வளவு லேசாய், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டுகிறவர் மாதிரிச் சொன்னாரோ தெரியவில்லை.